சண்டைக்குள் குருவி எண்ணினேன்

1

போன வாரம் என் மகளின் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். இங்கே, நோர்வேயில், பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒன்றில் பிள்ளைக்குக் காய்ச்சல், இல்லாவிட்டால் பெற்றோரில் ஏதோ பிழை. ஓவியாவுக்குக் காய்ச்சல் இல்லை.

போரை நேரில் கண்ட ஒருவரிடம் கேட்டு எழுதிவரும்படி ஆசிரியை வீட்டுவேலை கொடுத்திருந்தாராம். பதின்மூன்று வயது ஓவியா ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டாள்: "ஊரில் போர் நடந்தபோது அம்மா பறவை எண்ணிக்கொண்டிருந்தார்."

"மொழிபெயர்ப்பில் எங்கேயோ பிழை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்" என்றார் ஆசிரியை மிகவும் பக்குவமாக.

"இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்."

மறுமுனையில் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "எல்லாப் பறவைகளையுமா?" என்று கேட்டார்.

"கூடு கட்டியதுகளை மட்டும்தான்" என்றேன்.

பின்னேரம் ஓவியா சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்து நின்றாள். வகுப்பில் ஒரு பொஸ்னியப் பெடியன் இருக்கிறானாம். அவனுடைய தாத்தா ஒரு பாலத்தைக் காவல் காத்தவராம். அதைக் கேட்டு வகுப்பே கைதட்டியதாம். அதன் பிறகு இவளுடைய முறை வந்திருக்கிறது.

"அம்மா, உங்களுக்கு வேற ஒண்டும் நடக்கல்லையா? ஓடினது, ஒளிச்சது?"

"அது எல்லாரும் செஞ்சதுதானே."

"ஆக்களக் காப்பாத்தியிருக்கலாமே. ஏன் குருவிய எண்ணினீங்க?"

கையில் பாதி சீவிய கரட்டோடு நின்றேன். நல்ல பதில் ஒன்று இருந்திருக்கும். அந்த நேரம் வரவில்லை. அந்த நாள்களை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தால் வருமோ என்றுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்களாவது மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைக்கமாட்டீர்கள்.

2

நான் மட்டக்களப்பில் விலங்கியல் படித்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தவளையின் இருதயத்தைக் காட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் நோர்வேப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசில் அறிவித்தல் கண்ணில் பட்டது. உயிர்ப் பல்வகைமைப் பாதுகாப்பில் கலாநிதிப் பட்டத்துக்கான துறையிடை ஆய்வு, நான்கு வருடம், சம்பளத்தோடு. 'துறையிடை' என்ற சொல்லை அதற்கு முன் நான் கண்டதில்லை. இரண்டு துறைகளுக்கு நடுவில் உள்ள இடமாக்கும் என்று நினைத்து விண்ணப்பித்தேன். இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் உள்ள இடம் அது என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருவர் ஊலே, பறவையியல். எண்ண முடியாத எதையும் அவர் நம்பமாட்டார். மற்றவர் ரான்டி, சமூகவியல். யாராவது எதையாவது எண்ணிவிட்டால் அதன் பிறகு அவர் அதை நம்பமாட்டார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழும்பவில்லை. "ஊலே சேர்" என்று ஒரு வருடம் கூப்பிட்டேன். 'சேர்' என்பது அவருக்கு நாங்கள் வைத்த குடும்பப்பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

என் ஆய்வு இதுதான். நம்முடைய வாவியின் நடுவே கண்ணா என்கிற சதுப்புநில மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு இருக்கிறது. அங்கே நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டுகின்றன. அதே தண்ணீரில் மீனவர் வலை போடுகிறார்கள். குருவி மீனைத் தின்னுகிறது, மனிதன் மரத்தை வெட்டுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து வாழ வழி உண்டா? ஊலேக்குக் கூட்டின் கணக்கு வேண்டும். ரான்டிக்கு மீனவரின் கதை வேண்டும்.

முதல் வருட முடிவில், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வாவியில் கண்டதைப் பற்றி நோர்வே மொழியில் பேசச் சொன்னார்கள். அந்த மொழியில் வாத்துகளுக்கு 'எண்டர்', கைகளுக்கு 'ஹெண்டர்'. 'ஹ'வை விழுங்குகிறேன் என்று மொழி வகுப்பில் என்னை ஓயாமல் திருத்துவார்கள். அதனால் அன்றைக்கு ஓர் இடம் விடாமல் 'ஹ' போட்டேன். "விடியற்காலையில் வாவிக்குப் போனேன். தண்ணீரில் நாற்பத்திரண்டு கைகள் மிதந்தன. சில கைகள் கரையேறி வெயில் காய்ந்தன" என்று சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. இலங்கையிலிருந்து வந்தவள் அல்லவா! ஒரு அம்மா எழுந்து வந்து எனக்குத் தேநீர் தந்தார். அடுத்த நாள் மனநல ஆலோசகரிடமிருந்து கடிதம் வந்தது. நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆய்வுக்காக ஊருக்குப் புறப்படுமுன் அபாயப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பனிச்சரிவு, கரடி, உடைந்த பனிக்கட்டி என்று வரிசையாகக் கட்டங்கள். முதலைக்குக் கட்டம் இல்லை. சுடத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி விட்டிருந்தார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு எழுதினேன்: "சில இடங்களில் தாமதம் ஏற்படலாம்."

3

அப்போது ஊரில் சண்டை பெயருக்கு ஓய்ந்திருந்தது. வாவியின் இந்தக் கரையில் ராணுவம், எதிர்க்கரையில், வவுணதீவுக்கு அங்கால், போராளி இயக்கம். நடுவில் என் திட்டு. நீர்க்காகங்கள் இரண்டு பக்கமும் யாரையும் கேளாமல் போய்வந்தன. நான் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் கரையில் ஒரு மாதம் அலைந்து தட்டச்சில் அடித்த கடிதம் ஒன்று வாங்கினேன். அந்தக் கரையில் மூன்று நாள் காத்திருந்ததில், கோடு போட்ட கொப்பித் தாளில் நாலு வரியும் ஒரு வட்ட முத்திரையுமாக ஒன்று கிடைத்தது. முதலாவதை அந்தக் கரையில் காட்டினால் ஆபத்து. இரண்டாவதை இந்தக் கரையில் காட்டினால் அதைவிட ஆபத்து. ஆகவே தட்டச்சுக் கடிதம் கைப்பையில் இருந்தது, கொப்பித் தாள் சோற்றுப் பெட்டியின் அடியில். இருவிழிக் கண்ணாடிக்கு இரண்டு கரையும் மறுப்புச் சொன்னது. அந்த ஒரு விசயத்தில் இரண்டு தரப்புக்கும் முழு உடன்பாடு.

தோணி மயிலண்ணனுடையது. மயில்வாகனம், அமிர்தகழியைச் சேர்ந்த மீனவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நீர்க்காகத்தைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது.

"வலையில கிடக்கிற மீனக் கொத்திக் கொத்தி ஓட்ட போட்டிட்டுப் போகுது. இதுகளக் காப்பாத்தவா புள்ள உனக்கு வெள்ளக்காரன் சம்பளம் தாறான்?"

"காப்பாத்த இல்ல மயிலண்ணன். எண்ண."

"எண்ணி?"

"எழுத."

"மறுகா?"

மறுகா, எழுதிய பிறகு, என்ன என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் இருபது கூடு என்றால் அவர் இருபத்திரண்டு என்பார். தோணியைத் திருப்பி மறுபடி எண்ணினால் இருபத்திரண்டுதான் இருக்கும். "அந்தா, அந்தக் கொப்புக்குப் பின்னால. நீ பேப்பரப் பாத்து எண்ணுறாய். மரத்தப் பாத்து எண்ணு."

ரான்டியின் பங்கு சம்மதப் படிவம். ஆய்வில் பங்கெடுக்கும் ஒவ்வொரு மீனவரும், தான் சுயவிருப்பில் பேசுவதாகக் கையெழுத்திட வேண்டும். மயிலண்ணன் படிவத்தை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைப் போலத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து வைக்காமப் பேசுறன். வச்சா பேசமாட்டன். எது வேணும்?"

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். ரான்டிக்கு ஒரே சந்தோசம். சுயவிருப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணத்தைத் தான் கண்டதில்லை என்று பதில் போட்டார்.

4

ஒரு நாள் திட்டில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சோற்றுப் பெட்டிக்குள் தண்ணீர் போய், இறால் குழம்பும் கொப்பித் தாளும் ஒன்றாகின. தாளை எடுத்து உதறி, காயட்டும் என்று கைப்பைக்குள் வைத்தேன். அதோடு அதை மறந்துபோனேன்.

இந்தக் கரையில் இறங்கும் இடத்தில் காவலரண். அங்கே இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். என் முகம் அவருக்குப் பழக்கம். கடிதத்தை விரித்து முத்திரையைப் பார்த்துவிட்டு மடித்துத் தந்துவிடுவார். அன்று கைப்பைக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரித்தார். மடிக்கவில்லை. இறால் குழம்பின் வாசம் வந்தது.

கோடு போட்ட தாள். வட்ட முத்திரை. அந்தக் கரையின் கடிதத்தை இந்தக் கரையில் நீட்டியிருந்தேன்.

"இது என்ன?" என்றார். அவருடைய தமிழ் உடைந்த தமிழ். அதுவரை இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

தோணியிலிருந்த மயிலண்ணன் தாளைக் கண்டுவிட்டார். "குருவிக் கணக்கு ஐயா. வேற ஒண்டும் இல்ல" என்றார் உடனே.

"மிஸ் வாசிங்க."

தாளை வாங்கினேன். 'இக்கடிதம் கொண்டுவரும் சகோதரி வாவியின் நடுத்திட்டில் ஆய்வு செய்ய அனுமதிக்கப்பட்டுள்ளார். கடமையில் நிற்போர் ஒத்துழைக்கவும்' என்று அதில் எழுதியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு. "நீர்க்காகம், கூடு பதினாறு. வெள்ளைக் கொக்கு, கூடு ஒன்பது. சாம்பல் நாரை, கூடு நாலு. கூழைக்கடா…" நிறுத்தினால் செத்தேன் என்று பயந்து, அந்த வாவியில் இல்லாத பறவைகளையும் சேர்த்துக்கொண்டே போனேன். இமயமலைப் பறவை ஒன்றும் அன்று அமிர்தகழிக்கு வந்துபோனது.

"நாலு வரியில இவ்வளவு குருவியா?"

"சுருக்கெழுத்து" என்றேன்.

"இந்த சீல்?"

"அது… சங்கத்துட சீல்."

"என்ன சங்கம்?"

நான் வாயைத் திறக்குமுன் மயிலண்ணன், "குருவிச் சங்கம் ஐயா" என்றார்.

அப்படியே பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு காவலரணுக்குள் போனார். துவக்கோடு இரண்டு பேர் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் தனியாகத்தான் வந்தார், கையில் இருவிழிக் கண்ணாடியோடு. அதை என்னிடம் நீட்டி, தூரத்துச் சேற்றுத்தரையைக் காட்டினார்.

"அங்க, வெள்ள. வாய் கரண்டி மாதிரி. ரெண்டு மாசம் பாக்கிறன். பேர் தெரியாது."

வாங்கிக் கண்ணில் வைத்தேன். கண்ணாடிக்குள் வாவி முழுக்க ஆடியது. பிறகு நின்றது. ஆழமில்லாத தண்ணீரில் வாயை இடமும் வலமும் வீசி மேய்ந்துகொண்டிருந்தது அது.

"கரண்டிவாயன்" என்றேன்.

"உண்மையா?" முதல் தடவையாகச் சிரித்தார். "எங்கட பாசையிலயும் கரண்டிதான்."

கரண்டிவாயன் மொத்தம் ஏழு நின்றன. அந்தப் பயத்திலும் எண்ணிவிட்டேன். அதிகாரி கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "மிஸ், 'ஒத்துழைக்கவும்' எண்டு ஒரு குருவி இல்ல. நாளைக்கு மற்றக் கடிதம் கொண்டு வாங்க."

அன்று சமையலறையில் இதை மட்டும் சொன்னபோது ஓவியா கரட்டைக் கடிப்பதையும் விட்டுவிட்டுக் கேட்டாள். "அவர் நல்லவரா அம்மா?"

"அண்டைக்கு நல்லவர்."

"மற்ற நாள்?"

"தெரியாது. ஒரு மாதத்துல வேற ஒருவர் வந்தார். இவர் எங்க போனார் எண்டு கேக்கிற வழக்கம் அங்க இல்ல."

5

மயிலண்ணன் தோணியை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகு, "குருவிச் சங்கம் எண்டு சொன்னது ஆரு?" என்றார்.

"நீங்கதான்."

"சொல்ல வச்சது ஆரு?"

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பூமணி அக்கா தேத்தண்ணி தந்தா. மயிலண்ணன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மயிலண்ணன், மன்னிச்சுக்கொள்ளுங்க. இனி கவனமா இருப்பன்."

"எனக்கு மூணு புள்ளையள். நீ பிழ விட்டா உன்னத் தேடி வெளிநாட்டில இருந்து ஆள் வரும். பேப்பர்ல போடுவாங்க. என்னத் தேடி ஆரு வருவா? இவ வருவா, அந்தக் காம்ப் வாசல்ல மண்ணில குந்தியிருக்க."

பூமணி அக்கா உள்ளே போய்விட்டா. அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. அபாயப் படிவத்தில் நான் எழுதிய 'தாமதம்' யாருடைய தாமதம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். படிவம் முழுக்க என்னைப் பற்றித்தான் இருந்தது.

அந்த மூன்று நாளோடு சேர்த்து ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன். பத்தாம் நாள் வெள்ளென, வாசலில் அவர் குரல் கேட்டது. "நீர்க்காகக் குஞ்செல்லாம் பறக்கப் போகுது. நீ இஞ்ச குந்தியிருக்கிறாய். வா."

ஒரு நிபந்தனை போட்டார். கடிதம் இரண்டும் அவரிடம்தான் இருக்கும். தட்டச்சுக் கடிதத்தின் பின்னால் பேனையால் ஒரு மீன் கீறினார். கொப்பித் தாளின் பின்னால் ஒரு நண்டு. அதன் பிறகு ஒரு நாளும் மாறவில்லை.

ஆய்வேட்டில் அந்த ஒன்பது நாள் ஓட்டையாகக் கிடந்தது. 'பாதகமான காலநிலை' என்று போடச் சொன்னார் ஊலே. தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார் ரான்டி. இரண்டு பேரும் என் அறையில் வைத்து ஒரு மணி நேரம் சண்டை பிடித்தார்கள். 'படகோட்டியின் நியாயமான கோபம்' என்று நான் போட்டேன். ஊலே நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு, 'நியாயமான' என்பதை அளக்க முடியுமா என்று கேட்டார்.

6

நான் நோர்வேக்குத் திரும்பிய கொஞ்ச காலத்தில், ஓய்ந்திருந்த சண்டை ஊரில் மறுபடி மூண்டது. திட்டுக்கு யாரும் போக முடியாது என்று கேள்விப்பட்டேன்.

ஆய்வின் சுருக்கத்தை அந்த மக்களின் மொழியில் அந்த மக்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது பணம் தந்தவர்களின் விதி. நல்ல விதிதான். தமிழில் எட்டுப் பக்கம் எழுதி, முப்பது பிரதி அடித்து, அமிர்தகழி மீனவர் சங்கத்துக்கு அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் நன்றி. ரான்டியின் துறையில், விசயம் சொல்லித் தருபவருக்கு ஒரு கலைச்சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டி, அதைத் தமிழாக்கி, பெருமையோடு போட்டேன்: 'முக்கிய தகவலாளர்: க. மயில்வாகனம், அமிர்தகழி.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு வந்தது.

"புள்ள, நான் உனக்கு என்ன கொடும செஞ்சன்?"

"ஏன் மயிலண்ணன்?"

"தகவலாளர் எண்டா என்ன?"

"ஆய்வுக்குத் தகவல் குடுத்த ஆள்…" சொல்லும்போதே அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் என் காதில் விழுந்தது.

"தகவல் குடுத்த ஆள். பேரு போட்டு, ஊரு போட்டு, முக்கியம் எண்டும் போட்டிருக்காய். ஆருக்குக் குடுத்தான் எண்டு இந்தக் கரையானும் கேப்பான், அந்தக் கரையானும் கேப்பான். குருவிக்கு எண்டா நம்புவானா?"

அந்த நாள்களில் தகவல் கொடுத்தவன் என்று பேர் விழுந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் கலைச்சொல் தேடியிருக்கிறேன்.

"எல்லாத்தையும் எரிச்சுப் போடுங்க மயிலண்ணன். இப்பவே."

"எரிக்க ஏலாது. செயலாளர் ரெண்டு பேருக்குக் காட்டிப்போட்டான். எரிச்சா ஏன் எரிச்ச எண்டு வரும். பின்னேரம் கூட்டம். நான் பாக்கன். போன வையி."

வைத்தேன். அன்று என்ன சமைத்தேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். மத்தியானம் தாண்டித்தான் மறுபடி மணி அடித்தது.

"முடிஞ்சு" என்றார். பின்னால் ஆள்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவரும் செயலாளரும் பேனையோடு இருந்து, முப்பது பிரதியிலும் இரண்டிரண்டு எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். 'வலா'வை அடித்து 'ராறா' போட்டார்களாம். 'முக்கிய தகராறாளர்: க. மயில்வாகனம், அமிர்தகழி.'

"அச்சுப் பிழ எண்டு செயலாளர் சொன்னான். கூட்டத்தில ஒருத்தனும் மறுத்துப் பேசல்ல. சரியாத்தான் எழுதியிருக்கு எண்டு என்ட மனிசிதான் முதல்ல கை தூக்கினா."

நான் சிரித்தேனா அழுதேனா என்று அவருக்குத் தெரியவில்லை. "லைன்ல கரகரக்குது" என்று வைத்துவிட்டார்.

ஆய்வேட்டில் சேர்த்த தமிழ்ச் சுருக்கத்திலும் அதை அப்படியே விட்டேன். வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் யாரோ ஒரு தமிழரைக் கொண்டு அதை வாசிப்பித்திருக்கிறார். "உங்கள் நன்றியுரையில் ஒருவரைத் தலைமைச் சண்டைக்காரர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டார். சபை சிரித்தது. நான் காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ரான்டி தன் முன்னாலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சொல்லை என் எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை" என்றார். எங்கள் பறவைக் கணக்கை ஊலே பிறகு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். கட்டுரை வெளிவந்தபோது பார்த்தால், எண்ணியவர்கள் வரிசையில் என் பெயருக்கு முன்னால் மயிலண்ணனின் பெயர் இருந்தது. அகரவரிசைப்படி அது பின்னால்தான் வந்திருக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்றே முடிவை ஓர் உறையில் போட்டுக் கையில் தந்தார்கள். நடைவழியில் நின்று, மயிலண்ணன் வீட்டருகே தொலைபேசி இருந்த கடைக்கு அழைத்தேன். அவரைக் கூட்டிவரக் கடைக்காரர் ஆள் அனுப்பினார்.

"மயிலண்ணன், நான் பாஸ்."

"நல்லம், நல்லம். பேனை கிடக்கா?"

"என்னத்துக்கு?"

"எழுது. இண்டைக்கு விடிய எண்ணினன். நீர்க்காகம், கூடு முப்பத்தெட்டு."

"திட்டுக்குப் போனீங்களா? அங்க ஒருத்தரும் போக ஏலாதே!"

"போகல்ல. கரையில நிண்டு எண்ணினன்."

"கரையில நிண்டாக் கூடு தெரியாதே மயிலண்ணன்."

"கூடு தெரியாது. இரைக்குப் போற குருவி தெரியுது. ஒண்டு போகும், ஒண்டு கூட்டில நிக்கும். அது வந்தா இது போகும். சண்டையெண்டு அதுகள் முற மாறல்ல. போற குருவி ஒண்டுக்குக் கூடு ஒண்டு. எழுதினியா?"

கையில் வேறு தாள் இல்லை. உறையைத் திருப்பி, சுவரில் வைத்து எழுதினேன்.